ஆட்டுக்குட்டி பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை

எங்கள் சிங்கப்பூர் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் உலக வரைபடம். எந்தெந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எங்கள் மென்பொருளை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அது புள்ளி போட்டுக் காட்டும். பெரும்பாலான புள்ளிகள் சோகை பிடித்தவை. இரண்டு மட்டும் இரண்டு மாதமாகத் தக்காளிப்பழம் போலச் சிவந்து கிடந்தன. ஒன்று சூலூர், இன்னொன்று தொண்டாமுத்தூர்.

"இந்த இரண்டும் எந்த நாடு?" என்று கேட்டார் என் மேலாளர் எட்வின். கோயமுத்தூர்ப் பக்கம் என்றேன். "உன் ஊர்தானே, போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். நான் மதுரைக்காரி. மதுரையில் பிறந்தவளைக் கோயமுத்தூருக்கு அனுப்புவதும் ஒருவகையில் வெளிநாட்டுப் பயணம்தான். அது எட்வினுக்கு எப்படிப் புரியும்?

மென்பொருளின் பெயர் டும்டக்கா. இரண்டு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வலைவழியே சேர்ந்து ஒரு பாட்டும் அதற்கு ஒரு வீடியோவும் செய்யலாம். ஒரு பாட்டுக்கு எட்டு ட்ராக். இங்கே ஒரு பிள்ளை ஒரு வரி பாடிப் பதிந்தால், அங்கே இன்னொரு பிள்ளை அதைக் கேட்டுவிட்டு அடுத்ததைப் பதியும். பாட்டு முடிந்ததும் இரண்டு பள்ளியிலும் பத்து விநாடிக்குள் 'முடிந்தது' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே பாட்டு பூட்டப்பட்டு உலகத்தின் பார்வைக்குப் போய்விடும். அத்தோடு அந்த ஜோடியும் பிரிக்கப்படும். சூலூருக்குப் பெரு நாட்டில் ஒரு பள்ளி கிடைக்கும், தொண்டாமுத்தூருக்குப் போலந்தில் ஒன்று. இதற்கு எங்கள் கம்பெனி வைத்திருக்கும் பெயர் உலகளாவிய நட்பு.

பிள்ளைகளின் பாதுகாப்பில் நாங்கள் புலி. வீடியோவில் யார் முகமும் தெரியாது, மேலே ஒரு மிருகத்தின் முகம் வந்து ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் சேதி அனுப்ப முடியாது. வாயால் எண்களைச் சொன்னால் ஒவ்வொரு எண்ணின் மீதும் சேவல் கூவும். ட்ராக்கில் பாட்டுக்குப் பதில் பேச்சு இருப்பது தெரிந்தால் அந்தப் பாட்டே அழிக்கப்படும், இரண்டு பள்ளிகளும் வெளியே. இந்த விதிகளை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அப்போது எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆக, உலகிலேயே அதிக நேரம் டும்டக்காவைப் பயன்படுத்திய இந்த இரண்டு பள்ளிகளும் இரண்டு மாதத்தில் எத்தனை பாட்டு முடித்திருந்தன? ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை எட்வினைப் பார்க்கப் பெரிய விருந்தினர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பாட்டு முடிந்தாக வேண்டும். அதற்குத்தான் நான்.

திங்கட்கிழமை விமான நிலையத்து வாசலிலேயே கலாசார அதிர்ச்சி. கார் ஓட்டுநர் கதவைத் திறந்து, "வாங்க அம்மணி, உக்காருங்க. ஏசி போதுங்களா, எச்சு பண்ணோணுங்களா?" என்றார். எங்கள் ஊரில் ஆட்டோக்காரர் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு என்று அர்த்தம். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். சற்று தூரம் போனதும் ஒரு பாட்டிலை நீட்டினார். "ஊட்டுத் தண்ணிங்க. சிறுவாணி. குடிச்சுப் பாருங்க." குடித்தேன். திரும்பிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். தண்ணீரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நாலாவது சிக்னலில்தான் உறைத்தது. "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

செவ்வாய்க்கிழமை சூலூர். பள்ளிக்கூடத்தின் மூன்று பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். தடக் தடக்கென்ற சத்தம் சுவரிலும் பெஞ்சிலும் ஏறி, என் பல்லிலும் ஏறிக்கொண்டது. வாசலில் நின்று வரவேற்றவர் ராதாமணி டீச்சர். கணக்கு டீச்சர். ஒருமுறை நின்றுபோன மின்விசிறியை ஓடவைத்த குற்றத்துக்காகக் கம்ப்யூட்டர் அறையும் அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது.

"சாப்டீங்களா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அந்தப் பதில் அங்கே செல்லாது போலிருக்கிறது. அரிசிம்பருப்புச் சோறு வந்தது. அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து, மேலே நெய், பக்கத்தில் அப்பளம். நான் தட்டை முடிக்கும் வரை டும்டக்கா என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. சிங்கப்பூரில் சாப்பிட்டுக்கொண்டே மூன்று கூட்டம் நடத்துவோம். இங்கே ஒரு கூட்டத்துக்காக மூன்று முறை சாப்பிட வேண்டியிருந்தது.

பிறகு பாட்டைப் போட்டார்கள். நாற்பது விநாடிதான்.

ஆட்டுக்குட்டி ஏறுச்சு
அரசு பஸ்ஸில் ஏறுச்சு
டிக்கெட்டு எங்கேன்னு
கண்டக்டரு கேட்டாரு
நானும் பொம்பளதானுங்க
எனக்கெதுக்கு டிக்கெட்டுங்க

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எழுதியது யார் என்று கேட்டேன். பின்வரிசையில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தலையைக் குனிந்தாள். பெயர் தர்ஷினி. பாதி வரி அவளுடையது, மீதி வரி தொண்டாமுத்தூர்ப் பிள்ளை ஒருத்தியுடையது என்றார் டீச்சர். திரையில் தர்ஷினிக்குக் கரடி முகம், அந்தப் பிள்ளைக்கு யானை முகம்.

"ஆடு எப்ப இறங்கும்?" என்று கேட்டேன். "எறங்கிருமுங்க" என்றார் டீச்சர். "இன்னும் ஒரு நாலு வரி. முடிச்சுப்போடலாமுங்க." சரி, இப்போதே முடிப்போமே என்றேன். "செரிங்க. ஆனா தொண்டாமுத்தூர்க்காரங்க மொதல்ல அமுத்தட்டுமுங்க. நாம முந்திக்கிட்டா மரியாதையா இருக்காதுங்களே."

நியாயமாகத்தான் பட்டது.

புதன்கிழமை தொண்டாமுத்தூர். நகரப் பேருந்தில் போனேன். சில்லறையை நீட்டியதும் நடத்துநர் பதறிப்போய், "பொம்பளைங்களுக்கு இந்த பஸ்ஸுல காசு வேண்டாமுங்க, உள்ள போங்க கண்ணு" என்றார். என் வயது நாற்பத்தாறு. சிங்கப்பூரில் என் பதினைந்து வயது மகன் என்னிடம் கட்டைவிரலால் மட்டும் பேசுவான். என்னை யாராவது கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. மலை நெருங்க நெருங்கக் காற்று குளிர்ந்தது, தென்னை நெருக்கமானது. இங்கே சத்தமே இல்லை. இறங்கி நின்றபோது காது அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டுப் பார்த்தேன்.

தலைமையாசிரியர் குழந்தைவேல் சார் ஓடி வந்தார். சாப்டீங்களா படலம். சந்தகை என்கிற இடியாப்பம், அதன் மேல் தேங்காய்ப்பால். பிறகு இளநீர். பிறகு இன்னொரு இளநீர், முதலாவது சின்னதாக இருந்ததாம். மூன்று மணிக்குத்தான் வேலைக்கு வந்தோம். நாலு மணிக்குப் பள்ளியை விட்டாக வேண்டும், பொழுது சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும் என்றார். அதை அவர் சொன்ன தோரணையில் யானையும் ஏதோ நாலரை மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் போலத்தான் இருந்தது.

யானை முகத்துக்காரப் பிள்ளையின் பெயர் கோகிலா. ஒல்லியாக, இரட்டைச் சடையோடு இருந்தாள். அப்பா ஒரு தென்னந்தோப்புக்குக் காவல், அந்தத் தோப்பிலேயே குடியிருப்பு. ஆடு எப்போது இறங்கும் என்று அவளிடமும் கேட்டேன். "எறங்கிருமுங்க" என்றாள், அதே ராகத்தில். சாரிடம் பொத்தானைக் காட்டினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். "அமுத்தறதுக்கு என்னுங்க, ஒரு நிமிசம். ஆனா சூலூர் டீச்சர் மூத்தவங்க. அவங்க மொதல்ல அமுத்தட்டும், பொறவு நாங்க."

அன்று சாயங்காலம் எட்வினுக்குப் போனில் விளக்கினேன்: இது மரியாதைச் சிக்கல், தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. இவர்கள் கதவருகே நின்று நீங்க போங்க, நீங்க போங்க என்று அரைமணி நேரம் நிற்கிற ஜனங்கள். எட்வின் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "மரியாதையை முடக்கி வைக்க ஏதாவது வழி இருக்கிறதா?"

வியாழக்கிழமை மறுபடி சூலூர். இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த, நானே ஒன்று இரண்டு மூன்று எண்ணிச் சொல்வது என்று முடிவு. கைகழுவப் போனபோது, குழாயடிக்கு அந்தப் பக்கம் ராதாமணி டீச்சர் போனில் பேசிக்கொண்டிருந்தார். தெலுங்கில். அவர் வீட்டு மொழி அதுதான். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார். சிங்கப்பூர் போன புதிதில் ஐந்து வருடம் ஒரு நெல்லூர்ப் பெண்ணோடு ஒரே அறையில் இருந்தவள் நான். தெலுங்கில் சண்டையே போடுவேன்.

அவர் தன் கணவரிடம் சொன்னது இது: "அந்தச் சிங்கப்பூர் அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நல்ல மாதிரிதான். சோறு போட்டால் சாப்பிடுகிறாள். எப்படியாவது இந்த வெள்ளிக்கிழமையைக் கடத்திவிட்டால் போதும், விமானம் ஏறிவிடுவாள்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று நாளாக என்னை மரியாதையாலேயே கட்டிப் போட்டிருக்கிறார்கள்! மதுரையில் ஒருவன் என்னை ஏமாற்ற வேண்டுமானால் குறைந்தபட்சம் கத்திப் பேசுவான். நெய் ஊற்றி ஏமாற்றுவதை இங்கேதான் பார்த்தேன். நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் எட்டு ட்ராக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

ஏழு ட்ராக்கில் பாட்டு, கைதட்டல், டப்பா தாளம். எட்டாவதின் பெயர் 'ஜால்ரா'. அதன் சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்து வைத்திருந்தார்கள், பாட்டைப் போட்டால் கேட்காது. நாற்பது விநாடிப் பாட்டில் அந்த ட்ராக் மட்டும் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனது. சத்தத்தை ஏற்றி, காதில் ஹெட்போனை மாட்டினேன்.

"ஏ ஆனை, நேத்து ஏன்டி வரலை?"

"காச்சல்டி. கரடி, நீ இன்னிக்குச் சாப்பாட்டுக்கு என்ன?"

"தக்காளிச் சோறு. உனக்கு?"

இப்படியே போனது. ஒருத்தி காலையில் பேசி வைப்பாள், மற்றவள் மதியம் கேட்டுப் பதில் வைப்பாள். இரண்டு மாதப் பேச்சு. ஓரிடத்தில் தர்ஷினி சொல்கிறாள்: "எங்கூட்டுல தறி ஓடிட்டே இருக்கும்டி. எல்லாருமே கத்தித்தான் பேசோணும். எங்கம்மா கொஞ்சறதுகூடக் கத்தித்தான். மெதுவாப் பேசறது உன்கூட மட்டுந்தான்." அதற்குக் கோகிலா: "இங்க தோப்புல கத்துனாக்கூடக் கேக்க ஆளில்லைடி. அப்பா ராத்திரியெல்லாம் முழிச்சிருந்துட்டுப் பகல்ல தூங்கும். அம்மா வேலைக்குப் போயிரும். நான் தென்னமரத்துகூடத்தான் பேசோணும்."

தர்ஷினி ஓரிடத்தில் தன் அம்மாவின் போன் நம்பரைச் சொல்லிப் பார்த்திருந்தாள். "எங்கம்மா நம்பரு, கொக்கரக்கோ, கொக்கரக்கோ, கொக்கரக்கோ..." பத்துத் தடவை கூவியது. பிறகு இருவரும் தனித்தனியே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சேவலைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

கடைசிப் பேச்சு நேற்று, நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கோகிலா வைத்தது. "அந்தம்மா முடிக்கச் சொல்றாங்களாம்டி. முடிச்சா உனக்கு வேற நாட்டுக்காரி வந்துருவாளாம். உன்ற மூஞ்சிகூட நான் பார்த்ததில்லை. நீ ஆட்டை எறக்காத." தர்ஷினியின் பதில்: "எறக்க மாட்டேன்."

அந்தம்மா என்பது நான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன். எனக்கே எரிச்சலாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

திரும்பினால் பின்னால் ராதாமணி டீச்சர். அவர் முகத்தில் நெய்யும் இல்லை, சோறும் இல்லை. "கேட்டுட்டீங்களா?" என்றார். "தர்ஷினி ஆறாவது முழுக்க வகுப்புல ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. கேள்வி கேட்டா அழுதுபோடும். இந்த ரெண்டு மாசமாத்தான் வாயத் தொறக்குது. நேத்துக் கணக்குல எங்கிட்டயே தப்புக் கண்டுபுடிச்சுச்சு. தொண்டாமுத்தூர் சாருக்கும் தெரியும். நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தான் நீங்க மொதல்ல, நீங்க மொதல்லன்னு இழுத்துட்டு இருந்தோம். ஏனுங்க, மேல சொல்லிப்போடுவீங்களா?"

விதிப்படி சொல்லத்தான் வேண்டும். சொன்னால் பாட்டும் போகும், பேச்சும் போகும், இரண்டு பள்ளியும் போகும். சொல்லாமல் பாட்டை முடித்தால் ஒருத்திக்குப் பெரு, ஒருத்திக்குப் போலந்து. முடிக்காவிட்டால் என் வேலை போகும். நாளை வரை யோசிக்கிறேன் என்றேன். "யோசிங்க" என்றார் டீச்சர். "சாப்ட்டு யோசிங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குழந்தைவேல் சார் போனில் வந்தார். "அம்மணி, சாப்டீங்களா? ஒண்ணும் பெரிய விசயமில்லீங்க. ராத்திரி ஆனை வந்துபோட்டுது. தென்னமரம் ஒண்ணு, கம்பம் ரெண்டு. மரம் ஒயர் மேல உழுந்துருச்சு. இன்னிக்கு எங்க பள்ளிக்கூடத்துல நெட் வராதுங்க."

விருந்தினர்கள் திரையின் முன்னால் உட்காரும் நேரம் இங்கே பகல் பன்னிரண்டரை. நான் கட்டிலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோயமுத்தூர் வரைபடத்தைச் சும்மா ஒரு பயணியைப் போலப் பார்த்தேன். சூலூரில் பாடிய வரி சிங்கப்பூரில் உள்ள எங்கள் கம்ப்யூட்டருக்குப் போய், கடல் தாண்டித் திரும்பி வந்து தொண்டாமுத்தூரில் கேட்கிறது. சூலூருக்கும் தொண்டாமுத்தூருக்கும் நடுவில் இருப்பது இரண்டு டவுன் பஸ். காந்திபுரத்தில் இறங்கி மாற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் இது ஒரு பொறியாளருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

"சார், கோகிலாவையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு உங்க லேப்டாப்போட தயாரா இருங்க. நான் அங்கே வர்றேன், சேர்ந்து சூலூருக்கே போயிடலாம்" என்றேன். "ஏனுங்க, ஆளே போறதுங்களா?" என்றார் சார். ஏதோ பெரிய கண்டுபிடிப்பைக் கேட்டவர் போல.

எட்டரைக்கு நால்வரும் பஸ்ஸில் இருந்தோம். நானும் கோகிலாவும் அவள் அம்மாவும் இலவசம், சார் மட்டும் டிக்கெட் எடுத்தார். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார், தடுப்பூசி போட்ட குழந்தை மாதிரி. கோகிலா ஜன்னலோரம். நான் அவளிடம் ஜால்ராவைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன். வெளிறிப்போனாள். "அழிச்சுப்போட்டீங்களா?" இல்லை என்றேன். அதற்குப் பிறகும் அவள் கை முன்சீட்டுக் கம்பியை விடவில்லை. பின்சீட்டில் அவள் அம்மா சாரிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "அந்தப் புள்ளைக்கு என்ன புடிக்குமுங்க? வெறுங்கையோடயா போறது?" காந்திபுரத்தில் இறங்கியதும் கோகிலாவின் அம்மா ஒரு பேக்கரிக்குள் போய்த் தேங்காய் பன் வாங்கினார். அவ்வளவு கூட்டத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினேன். பன்னைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வரை அந்தம்மா நகரவில்லை.

சூலூர் பஸ் சிங்காநல்லூர் தாண்டியதும் நின்றது. டயர். ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, பயணிகளிடம் ஒவ்வொருவராக வருத்தம் தெரிவித்தார். எனக்கு வருத்தம் வேண்டாம், டயர்தான் வேண்டும் என்றேன். பின்னால் வந்த தனியார் பஸ்ஸில் இடித்துக்கொண்டு ஏறினோம். அதில் பாட்டுச் சத்தம் தலையைப் பிளந்தது. சார் லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, இடித்தவர்களிடமெல்லாம் "மன்னிச்சுக்கங்க" என்றார். இடித்தவர்களும் "பரவால்லீங்க" என்றார்கள்.

பதினொன்றேகாலுக்குப் பள்ளி வாசல். கோகிலா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இதென்னுங்க சத்தம்?" டும்டக்கா பின்னணி இரைச்சலைத் தானே துடைத்துவிடும். இரண்டு மாதமாக அவள் தர்ஷினியின் குரலைத்தான் கேட்டிருக்கிறாள், தறியைக் கேட்டதே இல்லை.

உள்ளே கம்ப்யூட்டர் அறை. ராதாமணி டீச்சர் தர்ஷினியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஏன்டி, வாடி என்று கொஞ்சிக்கொண்டவர்கள். ஒருத்தி சுவரைப் பார்த்தாள், ஒருத்தி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"நீங்கதான் கரடிங்களா?" என்றாள் கோகிலா.

"ஆமாங்க" என்றாள் தர்ஷினி. "நீங்க ஆனைங்களா?"

"ஆமாங்க."

"வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். பெஞ்சின் இரண்டு ஓரத்தில். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். கோகிலாவின் அம்மா பன் பொட்டலத்தை அந்த இடைவெளியில் வைத்தார். "எடுத்துக்கங்க." "இல்லீங்க, நீங்க எடுத்துக்கங்க." ஊரைத் தாண்டி, டயரைத் தாண்டிக் கூட்டி வந்தது இதற்கா? மணி பதினொன்றே முக்கால்.

தர்ஷினி கையைத் தூக்கினாள். "மிஸ், ஹெட்போன் எடுத்துக்கலாமுங்களா?"

ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி, ஆளுக்கொரு லேப்டாப் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தர்ஷினி எட்டாவது ட்ராக்கில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அது சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பி வந்து, நாலடி தள்ளி இருந்த கோகிலாவின் காதில் விழுந்தது. கோகிலா கெக்கேபிக்கேயென்று சிரித்தாள். திரும்பிப் பார்த்து, "ஏய், நீ நெசமாலுமே கரடி மாதிரிதான்டி இருக்கே!" என்று கத்தினாள். தறிச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். தர்ஷினி எழுந்து போய் அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு அவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. பன் எப்போது தீர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு நான் உள்ளே புகுந்தேன். உண்மையைச் சொன்னேன். பாட்டைப் பூட்டும்போது எல்லா ட்ராக்கையும் மென்பொருள் பரிசோதிக்கும். ஜால்ரா இருந்தால் மாட்டிக்கொள்வோம். அதை அழிக்க வேண்டும். முடித்த பிறகு ஜோடியும் மாறும். நீங்கள் வேண்டாம் என்றால் இப்படியே விட்டுவிடலாம், எட்வினிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தர்ஷினி கோகிலாவின் அம்மாவிடம் போனாள். "அத்தை, உங்க நம்பர் சொல்லுங்க, எங்கம்மாகிட்டக் குடுக்கறேன்." அந்தம்மா மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். எந்த எண்ணுக்கும் சேவல் கூவவில்லை. தர்ஷினி அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். தன் அம்மாவின் நம்பரைக் கோகிலாவின் உள்ளங்கையில் எழுதினாள், பேனாவை அழுத்தி அழுத்தி. பிறகு என்னைப் பார்த்து, "அழிச்சுப்போடுங்க மேடம். அதான் ஆளே வந்தாச்சுங்களே" என்றாள்.

இரண்டு மாதப் பேச்சை நான் அழித்தேன். ஒரு சொடுக்குதான்.

கடைசி நாலு வரியை இரண்டு பேரும் ஒரே மைக்கில், கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடினார்கள்.

ஆட்டுக்குட்டி எறங்குச்சு
அஞ்சு நிமிசம் நின்னுச்சு
எங்க போறே கண்ணுன்னாரு
அடுத்த பஸ்ல வாரேன்னுச்சு

பன்னிரண்டு இருபத்தெட்டு. ராதாமணி டீச்சர் ஒரு லேப்டாப் முன்னால், குழந்தைவேல் சார் இன்னொன்றின் முன்னால். "நீங்க அமுத்துங்க டீச்சர்." "இல்லீங்க சார், நீங்க ஒறம்பரை, எங்க ஊருக்கு வந்த விருந்தாளி, நீங்க மொதல்ல." இது நடிப்பு இல்லை, நிஜமாகவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் மதுரைக்காரியாக மாறி, "ரெண்டு பேரும் அமுக்குங்க!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறியே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. அழுத்தினார்கள்.

சிங்கப்பூரில் கைதட்டினார்களாம். தொலைவில் இருக்கும் இரண்டு குழந்தைகளின் குரல் இவ்வளவு நெருக்கமாக ஒலிப்பது எப்படி என்று ஒரு விருந்தினர் கேட்டாராம். எங்கள் தொழில்நுட்பம் என்றாராம் எட்வின்.

சாயங்காலம் சூலூர் பஸ் நிறுத்தத்தில் கோகிலா ஏறினாள். ஒரு கையை இறுக்க மூடி வைத்திருந்தாள், மற்ற கையால் மட்டுமே கம்பியைப் பிடித்தாள். வியர்வையில் மை அழிந்துவிடக் கூடாது என்று அந்த மூடிய கையை அடிக்கடி திறந்து ஊதிக்கொண்டாள். பஸ் நகர்ந்தபோது தர்ஷினி கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள். "வாரேன்டி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று எட்வின் என்னை அழைத்தார். சுவர்த் திரையில் சூலூரும் தொண்டாமுத்தூரும் அணைந்து கிடந்தன. பெரு நாட்டுப் பள்ளி காத்துக்கொண்டிருக்கிறது, போலந்து காத்துக்கொண்டிருக்கிறது, நம் மிகச் சிறந்த இரண்டு பள்ளிகளும் மென்பொருளைத் திறப்பதே இல்லை, என்ன ஆயிற்று என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். ராதாமணி டீச்சர் சேதி அனுப்பியிருந்தார்: இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளும் ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. நடுவில் போன். முந்தாநாள் ராத்திரி தோப்பில் யானை வந்தபோது, சூலூருக்குத்தான் முதல் அழைப்பு போனதாம்.

"அவர்களுக்கு இனி டும்டக்கா தேவையில்லை" என்றேன். "அது வேலை செய்துவிட்டது."

எட்வின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "மற்ற பள்ளிகளுக்கும் இது பரவாமல் தடுக்க என்ன செய்யலாம்?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், "அந்த ஊர்களில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லலாம்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார்.